43 உசாத்துணைகளும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

 

போன வாரம் மட்டும் நாலு பேர் இன்பொக்ஸில் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. "டீச்சர், இந்த ஏ.பி.ஏ. முறையில உசாத்துணை எழுதுறது எப்படி? போர்மட் ஒன்று இருந்தா அனுப்புங்க." கொட்டாஞ்சேனையில் இப்போது என் வயதுக்காரர்கள் பலர் ஏதோ ஒரு டிப்ளோமாவோ பட்டமோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பகலில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு அசைன்மென்ட். போர்மட் அனுப்புவது லேசு, அனுப்பியும் விடுவேன். ஆனால் அந்த போர்மட்டால் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. நீளமான பதிவு. டீ ஒன்று ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

நானும், என்னோடு படிப்பிக்கும் ஒரு சேரும் சேர்ந்து, சாதாரண தரம் எழுதப்போகும் எங்கள் பிள்ளைகளின் தன்மதிப்பைப் பற்றி ஒரு சின்ன ஆய்வு செய்தோம். பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது, தன்னை எவ்வளவுக்கு மதிக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு வருட வேலை. ஆங்கிலத்தில் எழுதி, ஓர் உளவியல் சஞ்சிகைக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் திரும்பி வந்தது. யாரும் உள்ளே வாசிக்கவே இல்லை. உங்கள் உசாத்துணைகள் ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பின்படி இல்லை, திருத்தி அனுப்பவும் என்று இரண்டு வரி.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பிள்ளைகளின் மனதைப் பற்றி எழுதி அனுப்பினால் இவர்களுக்குக் கமாவும் முற்றுப்புள்ளியுமா முக்கியம் என்று ஆசிரியர் ஓய்வறையில் சத்தம் போட்டேன். சேர் சிரிக்காமல் கேட்டார்: "டீச்சர், மார்ஜின் அடிக்காம, திகதி போடாம வாற கொப்பிய நீங்க திருத்துவீங்களா?"

திருத்த மாட்டேன். எங்கள் பாடசாலைக்கே தெரியும்.

சரியென்று உட்கார்ந்தேன். 43 உசாத்துணை. ஏ.பி.ஏ. என்பது அமெரிக்க உளவியல் சங்கம். 1929இல் அவர்களுடைய ஒரு சஞ்சிகையில் 7 பக்கத்தில் ஓர் அறிவுறுத்தல் வந்தது, ஆய்வு எழுதுகிறவர்கள் கையெழுத்துப் பிரதியை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று. அந்த 7 பக்கம் வளர்ந்து வளர்ந்து இன்றைக்கு 400 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம். அடைப்புக்குறிக்குள் பெயரையும் வருடத்தையும் போடும் பழக்கம் அதற்கும் முந்தியது. 1881இல் ஹார்வர்டில் மார்க் என்ற விலங்கியலாளர் நத்தை இனத்து ஓடில்லாப் பூச்சியொன்றின் முட்டையைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதைச் செய்திருக்கிறார். நாம் இன்றைக்கு இரவு 12 மணிக்குக் கண் எரிய எரிய அடைப்புக்குறி போடுவதற்கு மூலம் ஒரு பூச்சி.

பெரும்பாலான வேலை கைப்பழக்கம்தான். இரண்டு ஆசிரியர் என்றால் இரண்டு பெயரும். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் கட்டுரைக்குள் முதல் தடவையிலிருந்தே முதலாமவர் பெயரோடு "எட் அல்". ஆனால் பின்னால் வரும் பட்டியலில் 20 பேர் வரைக்கும் எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். புத்தகம் அச்சான ஊரை 7ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அது ஒரு நிம்மதி. எழுதியவரே வெளியீட்டாளர் என்றால் வெளியீட்டாளர் இடத்தில் திரும்பவும் பெயர் போடத் தேவையில்லை. நமது நாட்டில் பாதிப் புத்தகம் அந்த வகைதானே, நகையை அடகு வைத்து அச்சடித்தவை. தமிழ்ப் புத்தகமென்றால் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் பொருளையும் கொடுக்க வேண்டும். பழைய இலங்கைப் புத்தகத்தின் வருடம் சந்தேகமென்றால் நூலகம் இணையத்தளத்தில் அட்டையையே பார்த்துக்கொள்ளலாம். குர்ஆனுக்கு ஆசிரியர் இடத்தில் ஒரு பெயரும் வராது, தலைப்புத்தான் முதலில் வரும். அந்த விதியை வாசித்தபோது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கை நின்றது பெயர்களில்தான்.

ஏ.பி.ஏ. கேட்பது குடும்பப் பெயரை முதலில், பிறகு மற்றவற்றின் முதலெழுத்தை. நம்மில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? எனக்கு முன்னால் இருப்பது வாப்பாவின் பெயர், கடைசியில் இருப்பதுதான் நான். சேருக்கும் அப்படித்தான், அவருடைய அப்பா ஓர் எழுத்தாக முன்னால் நிற்கிறார். சஞ்சிகையின் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவே இல்லை. முதல் தடவை நான் வாப்பாவின் பெயரைத்தான் அதில் போட்டேன். போட்ட பிறகுதான் விளங்கியது, இந்த ஆய்வை யாராவது மேற்கோள் காட்டினால் அவர்கள் என் வாப்பாவைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். உளவியல் பற்றி அவருடைய கருத்தெல்லாம், பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்பது. ஒரு நாள் முழுக்க அவரிடம் சொல்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தேன், பிறகு மாற்றினேன்.

முன்னுரையில் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மொழியில் படிப்பதைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. அதற்காக மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களுடைய "இலங்கையில் இஸ்லாம்" என்ற 1963ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் காட்டியிருந்தேன். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தவர், நமது பெரியவர்கள் பலருக்குத் தெரியும். இன்னொன்று, 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அவர்கள் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு எழுதிய மறுப்பு. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் 1888இல் வெளியிட்டதற்குப் பதில் அது. மூன்றையும் மென்பொருளில் போட்டேன். அது என்ன செய்ததென்றால் இரண்டு அஸீஸையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, இரண்டாமவரின் "அப்துல்"லை வெட்டி ஓர் எழுத்தாகப் பின்னால் ஒட்டிவிட்டது.

அப்துல் அஸீஸ் என்பது ஒரே பெயர். அஸீஸின் அடிமை என்று பொருள். அடிமையை வெட்டிவிட்டால் மீதியாக நிற்பது அல்லாஹ்வின் திருநாமம். மென்பொருளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். வேடிக்கை என்னவென்றால், ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் கடைசி "ஏ"யும் அப்துல்தான். ஆனால் அவர் தன் பெயரை அப்படிச் சுருக்கித்தான் புத்தகங்களில் போட்டார். ஆகவே அவர் அஸீஸ் என்ற பெயரில் வர வேண்டும். மற்றவர் அப்துல் அஸீஸ் என்று முழுதாகப் போட்டவர், ஆகவே அவர் அப்துல் அஸீஸாகவே வர வேண்டும். ஒரே பெயர், பட்டியலில் இரண்டு இடம். எழுதியவர் தன் படைப்பில் தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டாரோ அப்படியே எழுது என்பதுதான் விதி. சித்தி லெப்பை அவர்களையும் இப்படித்தான், சித்தியைத் தூக்கிவிட்டு வெறும் லெப்பை ஆக்கக் கூடாது. (ஸொட்டேரோ பாவிக்கிறவர்களுக்கு: பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் சின்னப் பட்டன் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும். பெயரை உங்கள் விருப்பப்படி எழுதலாம். காசும் இல்லை.)

இராமநாதனுக்குப் பிரச்சினை வரவில்லை. சேர் மட்டும் அந்த முன்னெழுத்தைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் 'பி'தான் எங்கட கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில், டீச்சர். தகப்பன் கட்டினதை மகன் கருங்கல்லில திருப்பிக் கட்டினார்." அந்தக் கோயிலைக் கடந்து எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன். ஓர் இனிஷலுக்குள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

42 முடிந்தது. 43ஆவதுதான் நான் சொல்ல வந்தது.

நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த வினாக்கொத்து, அமெரிக்கச் சமூகவியலாளர் மொரிஸ் ரொசன்பேர்க் 1965இல் வெளியிட்டது. 10 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் மிகவும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து சற்றும் உடன்படவில்லை என்பது வரை நாலு விடை. 5 கூற்று நல்லவிதமாக இருக்கும், 5 எதிர்மறையாக இருக்கும். எதிர்மறைக் கூற்றுகளுக்குப் புள்ளியைத் தலைகீழாகப் போட வேண்டும். உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். எங்களிடம் இருந்த தமிழ்த் தாள், கலாசாலைக் காலத்தில் எங்கள் விரிவுரையாளர் தந்த போட்டோகொப்பி. நான் கட்டுரையில் எழுதியிருந்த வசனம்: "இதன் தமிழாக்கம் பயன்படுத்தப்பட்டது." பிறகு அடைப்புக்குள் ரொசன்பேர்க், 1965.

சேர் அந்த இடத்தில் விரலை வைத்தார். "ரொசன்பேர்க்குக்குத் தமிழ் தெரியுமா?"

இதே தாளைப் பாவித்த வேறு ஆய்வேடுகளைத் தேடிப் பார்த்தோம். கையில் கிடைத்த எல்லாவற்றிலும் இதே மாதிரித்தான் இருந்தது. தமிழாக்கம் பயன்படுத்தப்பட்டது. யார் செய்தது என்று ஒருவரும் எழுதவில்லை. வானத்திலிருந்து விழுந்த மாதிரி.

சின்ன வயதில் மதரஸாவில் ஹதீஸ் பாடம் என்றால் எங்களுக்குச் சலிப்பு வருவது அறிவிப்பாளர் வரிசையில்தான். இவர் இவரிடமிருந்து கேட்டார், அவர் அவரிடமிருந்து கேட்டார். விஷயத்துக்கு வாங்களேன் உஸ்தாத் என்று மனதுக்குள் சொல்வோம். வரிசையில் ஓர் ஆள் விடுபட்டால், அல்லது யாரென்று தெரியாத ஆள் ஒருவர் நடுவில் இருந்தால், வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த அறிவிப்பு பலவீனம் என்று அந்த உஸ்தாத் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தார். அதைப் பரீட்சைக்கு எழுதிப் புள்ளியும் வாங்கியவள் நான். என் ஆய்விலோ நடுவில் ஆளே இல்லை.

விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன். அவருக்குத் தந்தது அவருடைய சீனியர் ஒருவர். சீனியரைப் பிடித்தோம், அவருக்குச் சேவைக்கால ஆலோசகர் ஒருவர் கருத்தரங்கில் கொடுத்தாராம். ஆலோசகர் ஓய்வுபெற்று மகளோடு இருக்கிறார். அவர் யோசித்து, மறுநாள் அவரே திருப்பி அழைத்துச் சொன்னார்: "அது வெள்ளவத்தையில இருந்த ஒரு டீச்சர் செய்தது. இன்னும் அங்கதான் இருக்கிறா போல."

சனிக்கிழமை புறக்கோட்டைக்கு வந்து 100ஆம் இலக்க பஸ் எடுத்துப் போனேன். கடலோரப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. டீச்சருக்கு முழங்கால் வருத்தம், கதவைத் திறக்கவே கொஞ்ச நேரமானது. நான் தாளை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடுதா?" என்றார். பிறகு அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். அட்டையில் பெயர், 1994.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் அந்த வருடங்களில் அவருடைய வகுப்பில் இருந்திருக்கிறார்கள். நல்லாப் படித்த பிள்ளைகள், ஆனால் கை உயர்த்த மாட்டார்கள், பெயர் கூப்பிட்டால் எழும்பி நிலத்தைப் பார்ப்பார்கள். அவர்களை விளங்கிக்கொள்வதற்காகத்தான் அந்த 10 கூற்றையும் தமிழுக்குக் கொண்டு வந்திருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் காசு கொடுக்கவில்லை.

அந்தக் கொப்பியில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். வெட்டி வெட்டி எழுதியது. ஆங்கிலத்தில் ஒரு கூற்று இருக்கிறது, தன்னிடம் பெருமைப்பட அதிகமில்லை என்ற கருத்தில். முதலில் அதை அப்படியே பெருமை என்று போட்டிருக்கிறார். ஒரு பிள்ளை தாளைத் திருப்பிக் கொடுத்ததாம். "பெருமை அல்லாஹ்வுக்கு மட்டும்தானே டீச்சர், நாங்க பெருமைப்படக் கூடாதே?" வெட்டிவிட்டு, "சொல்லிக்கொள்ள என்னிடம் நிறைய இல்லை" என்று மாற்றினார். அதற்கு இன்னொரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "டீச்சர், ஊர் வீட்டில இருந்ததையா, இப்ப இருக்கிறதையா?"

இதைச் சொல்லிவிட்டு டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"அந்தப் புள்ள சாமான எண்ணத் தொடங்கிட்டு மகள். அண்டைக்கு இரவு முழுக்க யோசிச்சன்." கடைசியாக வந்தது இது: "என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நிறைய இல்லை." வீடும் வளவும் அதற்குள் வராது. பாவமென்ற பயமும் வராது.

அப்போதுதான் நான் எங்கள் தாளைத் திரும்பப் பார்த்தேன். எங்கள் தாளில் இருந்தது: "என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நிறைய உண்டு."

இரண்டு பேரும் தாளையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டீச்சர் கையால் எழுதியதில் "இல்லை" என்பது அடுத்த வரிக்குப் போயிருந்தது. போட்டோகொப்பியில் அந்த வரி எப்போதோ வெட்டுப்பட்டிருக்க வேண்டும். வசனம் முடியாமல் நிற்பதைப் பார்த்த யாரோ ஒரு நல்ல மனிதர் "உண்டு" என்று சேர்த்துப் புதிதாக டைப் செய்திருக்கிறார். அந்தத் தாளைத்தான் நாங்கள் எல்லோரும் இத்தனை வருடமாகக் கொப்பியடித்து வருகிறோம்.

ஆசிரியர்களுக்கு இதன் கணக்கு விளங்கும். அது எதிர்மறைக் கூற்று என்று நினைத்து நாங்கள் புள்ளியைத் தலைகீழாகப் போட்டிருந்தோம். மிகவும் உடன்படுகிறேன் என்றால் 0, சற்றும் உடன்படவில்லை என்றால் 3. அதாவது, என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நிறைய உண்டு என்று துணிந்து குறித்த பிள்ளைக்கெல்லாம் 0 போட்டிருக்கிறோம். அந்தக் கூற்று மட்டும் மற்ற ஒன்பதோடும் ஒட்டாமல் இழுபட்டதைப் பகுப்பாய்வின்போதே பார்த்தோம். பிள்ளைகள் கேள்வியை விளங்காமல் குறித்திருப்பார்கள் என்று நாங்களே ஒரு விளக்கமும் எழுதியிருந்தோம். பிள்ளைகள் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே சேருக்கு வொய்ஸ் அனுப்பினேன். எனக்கு உறுத்தியது எங்கள் தாள் மட்டும் அல்ல. ஒரு பெயர், ஒரேயொரு பெயர் முதலாவது ஆய்வேட்டில் போடப்பட்டிருந்தால், இடையில் யாராவது ஒருவர் வெள்ளவத்தைக்குப் போய்க் கேட்டிருப்பார். போவதற்கு ஒரு விலாசம் இருந்திருக்கும்.

நாங்கள் அந்தக் கூற்றை நீக்கி, 9 கூற்றோடு கணக்கெல்லாம் திரும்பப் போட்டோம். ஏன் நீக்கினோம் என்பதை ஒளிக்காமல் ஒரு பந்தி எழுதினோம். மூன்று கிழமை போனது. "பிள்ளைகள் விளங்காமல் குறித்தார்கள்" என்ற வசனத்தைச் சேர் தன் கையால் அழித்தார்.

மிச்சம் இருந்தது டீச்சரின் பெயர். அவர் முதலில் விடவே இல்லை. "என்னத்துக்கு மகள் என்ட பேரு? கேள்வி அந்த மனிசன்ட. நான் தமிழில எழுதின, அவ்வளவுதான்." ரொசன்பேர்க் 1992இலேயே இறந்துவிட்டார். கொழும்பில் ஒரு டீச்சர் தன்னுடைய ஒரு கூற்றுக்காக ஓர் இரவு தூங்காமல் இருந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. நான் சொன்னேன், "டீச்சர், பேர் போடுறது புகழுக்கில்ல, நாளைக்குப் பிழை வந்தா ஆக்கள் உங்களத் தேடி வரணும்." பிழை என்றதும் உடனே சம்மதித்தார். ஆசிரியர்களின் குணம் அப்படி.

ஏ.பி.ஏ.யில் இதற்கு இரண்டு வழி தெரிந்தது. தனிப்பட்ட தொடர்பு என்று கட்டுரைக்குள் மட்டும் குறிப்பிடலாம், ஆனால் அது பட்டியலில் வராது. வாசிப்பவர் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை என்பதால். எங்களுக்கோ பார்க்கக் கொப்பி இருக்கிறது. ஆகவே வெளியிடப்படாத ஆக்கம் என்று, பெயர், 1994, தலைப்பு, சதுர அடைப்பில் விளக்கம். பெயரை எப்படி எழுதுவது என்று போனில் கேட்டேன். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சம்பளப் பட்டியலில் கணவரின் பெயரோடு இன்னொரு மாதிரி. "கொப்பி அட்டையில எப்படி இருக்கு?" என்று அவரே திருப்பிக் கேட்டார். விதியும் அதுதான். ஓர் எழுத்து விடாமல் ஆங்கிலத்தில் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் ஓர் "எச்"சை விட்டுவிட்டேன். "அது வாப்பாட பேர்ல உள்ள எச் மகள், அத விடாதீங்க."

அந்தப் பெயரை இங்கே போடவில்லை. பட்டியலுக்கு மட்டும்தான் அனுமதி தந்தார், பேஸ்புக்குக்குத் தரவில்லை.

கடைசியாக, எந்தக் கூற்றை நீக்கினீங்க என்று கேட்டார். சொன்னேன். போனில் கொஞ்சம் அமைதி.

"ஆகக் கஷ்டப்பட்டது அதுக்குத்தான் மகள்."

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவரே சொன்னார், "சரி, அடுத்த பெட்சுக்குச் சரியான தாளக் கொண்டு போங்க. வந்து கொப்பிய எடுங்க, ஆனா திருப்பித் தரணும்."

வருகிற சனிக்கிழமை போகிறேன், இன்ஷா அல்லாஹ். இந்த 10 கூற்றுத் தாளைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்கள், மாணவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்கள் தாளில் அந்த இடத்தில் "உண்டு" என்று இருக்கிறதா "இல்லை" என்று இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். சரியான தாள் தேவையானவர்களுக்குக் கொப்பி எடுத்த பிறகு அனுப்புகிறேன், டீச்சரின் பெயரோடு. ஏ.பி.ஏ. போர்மட் கேட்ட நாலு பேருக்கும் இன்று இரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு.